பசுமை ரிசார்ட் என்று போட்டிருந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு போக ஐரோப்பாவில் 'ஈகோ லாட்ஜ்', 'சஸ்டெய்னபிள் ரிசார்ட்' என்று போட்டிருக்கும் இடங்களைத் தேடுகிறார். சாதாரண விடுமுறை வீட்டைவிட வாடகை கூடுதலாக இருக்கிறது. அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டா, எது நிஜம், எது வெறும் பெயர்ப்பலகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவருடைய கேள்வி. கூடவே, அப்படி ஒரு லாட்ஜை முதலீடாக வாங்கச் சொல்லி விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

அர்த்தமுள்ள இடங்கள் நிச்சயம் இருக்கின்றன. ஆனால் கூரையில் சோலார் பேனல் இருக்கிறதா, குளியலறையில் 'துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' என்று அட்டை வைத்திருக்கிறார்களா என்று பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் முதலில் கேட்பது, இந்த இடத்தை நடத்துகிறவருக்கு லாபம் எதில் வருகிறது என்றுதான். வீடுகளைக் கட்டி விற்பதிலா, இருக்கிற படுக்கைகளில் ஆட்கள் வந்து தூங்குவதிலா? விற்பதில்தான் லாபம் என்றால் அவருக்கு அடுத்த வருடமும் புது நிலம் வேண்டும், அதுவும் காடு, ஏரிக்கரை, மலைச்சரிவு என்று எங்கே அழகாக இருக்கிறதோ அங்கே வேண்டும். தூங்குவதில் லாபம் என்றால், இருக்கிற கட்டடத்தைச் சரிசெய்து வருடம் முழுக்க எப்படி நிரப்புவது என்றுதான் அவர் மண்டையை உடைத்துக்கொள்வார். பேனலும், நிலத்திலிருந்தோ காற்றிலிருந்தோ சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்பும், சான்றிதழும் இதற்குப் பின்னால் வருகிற விஷயங்கள்.

முதல் வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்பெயினில் ஓர் உதாரணம் இருக்கிறது. மேற்கே எக்ஸ்ட்ரிமதூராவில் தாகோ ஆற்றின் குறுக்கே 1960-களில் கட்டிய வால்தேகான்யாஸ் அணை. அதன் நீர்த்தேக்கத்துக்குள் ஒரு தீவு. நீர்த்தேக்கமும் அதன் கரையும் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நச்சுரா 2000 வலையமைப்பில் சேர்ந்தது. 2007-இல் அந்தப் பிராந்திய அரசு, 'பிராந்திய நலனுக்கான திட்டம்' என்ற சிறப்பு வழியில் அந்தத் தீவில் ரிசார்ட் கட்ட அனுமதி கொடுத்தது. 185 வில்லாக்கள், ஹோட்டல், 18 குழி கோல்ஃப் மைதானம், செயற்கைக் கடற்கரை எல்லாம் வந்தன. இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிற வறண்ட பகுதி அது, சுற்றுலா வந்தால் ஊர் பிழைக்கும் என்பது அரசின் வாதம். சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. 2011-இல் எக்ஸ்ட்ரிமதூரா உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் வில்லாக்கள் விற்றாகிவிட்டன, வாங்கியவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2020-இல் அதே நீதிமன்றம், கட்டி முடித்ததை விட்டுவிடலாம், பாதியில் நிற்பதை மட்டும் இடித்தால் போதும் என்றது. 2022 பிப்ரவரியில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, முழுவதையும் இடித்து நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதில் வில்லன் யார் என்று தேடுவதைவிட வரிசையைக் கவனியுங்கள். அனுமதி, கட்டுமானம், விற்பனை, அதற்கப்புறம்தான் சட்டம். பக்கத்தில் இருக்கும் எல் கோர்தோ, பெரோகாலேஹோ என்ற இரண்டு சிறு ஊர்க்காரர்களும் இடிக்கக் கூடாது என்றுதான் நின்றார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அங்கேதான் வேலை. அந்த வேலை வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. அதைத் தருவதற்குப் பறவைகளின் இடத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்று அவர்களுக்குச் சொன்னதுதான் தப்பு. ஒரு பாதுகாக்கப்பட்ட நிலத்தின் நடுவே கட்டிய வீட்டில் மழைநீர் சேகரிப்பும் எல்இடி விளக்கும் இருந்து என்ன பயன்?

பிரான்சில் கதை வேறு மாதிரி முடிந்தது. கிரெனோபிளுக்குப் பக்கத்தில் ரூவாபோன் என்ற ஊரில், ஷம்பரான் காட்டுக்குள் சுமார் 200 ஹெக்டேரில், ஆயிரம் குடில்கள் அளவில் சென்டர் பார்க்ஸ் என்ற பெயரில் ஒரு விடுமுறைக் கிராமம் திட்டமிட்டார்கள். அந்த இடத்தில் சதுப்பு நிலங்கள் இருந்தன, ஓடைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. 2014-இல் மரம் வெட்ட ஆரம்பித்ததும் எதிர்ப்பாளர்கள் காட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள். அந்த வருடம் டிசம்பரில் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது, பல வருட வழக்குகளுக்குப் பிறகு 2020 ஜூலையில் சென்டர் பார்க்ஸை நடத்தும் பியேர் ஏ வக்கான்ஸ் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. இந்த நிறுவனத்தின் அன்றைய வணிக முறையைத் தெரிந்துகொண்டால் நான் மேலே சொன்னது புரியும். குடில்களைக் கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி முதலீட்டாளருக்கு விற்பார்கள். வாங்கியவர் அதை நிறுவனத்துக்கே பல வருடக் குத்தகைக்கு விடுவார். கட்டுமானச் செலவு விற்பனையிலேயே திரும்பிவிடும். இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் புதுக் கிராமங்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதே குழுமம்தான் பாரிஸுக்குக் கிழக்கே, டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்தில் 2017-இல் வில்லாஜ் நாச்சுர் என்ற இன்னொரு இடத்தையும் திறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பாராட்ட வேண்டிய ஒரு முயற்சி. பாரிஸ் படுகையின் அடியில் ஏறத்தாழ 1,800 மீட்டர் ஆழத்தில் 'டோகர்' என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கில் வெந்நீர் இருக்கிறது. அதை மேலே எடுத்து, வெப்பத்தை மட்டும் பிரித்துக்கொண்டு, தண்ணீரைத் திரும்பவும் கீழே அனுப்பிவிடுகிறார்கள். குடில்களின் வெப்பம் அதிலிருந்து வருகிறது. அதிவேக ரயில் நிற்கும் நிலையமும் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதே வெப்பத்தை வைத்துக்கொண்டு திறந்தவெளியில் ஒரு குளத்தைக் குளிர்காலத்திலும் 30 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். நிலத்தடி வெப்பம் சுத்தமானதுதான், மறுக்கவில்லை. அதை டிசம்பர் மாத வானத்துக்குள் ஆவியாக விடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை, அதே வெப்பத்தில் சுற்றுவட்டார வீடுகளைச் சூடாக்கலாம்.

இப்போது இரண்டாவது வகை. எனக்கு மிகவும் பிடித்தது இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் 1976 மே மாதம் பெரிய நிலநடுக்கம் வந்தது, ஆயிரம் பேர் அளவில் இறந்தார்கள். மலையூர்களில் வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள், ஆனால் குடியிருக்க ஆளில்லை. காலியாக நிற்கிற வீடுகளை என்ன செய்வது என்று யோசித்தபோது, 1980-களின் தொடக்கத்தில் பிறந்த யோசனைதான் 'ஆல்பெர்கோ டிஃப்பூசோ'. ஜான்கார்லோ தல்லாரா என்பவர் இதை வளர்த்தெடுத்தார். ஒரு பெரிய கட்டடமாக ஹோட்டல் கட்டுவதற்குப் பதிலாக, ஊரே ஹோட்டல். வரவேற்பறை ஒரு வீட்டில், காலைச் சாப்பாடு இன்னொரு வீட்டில், உங்கள் அறை இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய குடும்ப வீட்டில். புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டியதில்லை. சாக்கடை, சாலை, மின்சாரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. 1998-இல் சார்தீனியா இதற்குத் தனிச் சட்டமே போட்டது, பிற பிராந்தியங்கள் பின்னால் வந்தன.

இதில் பலருக்கும் தெரிந்த இடம் அப்ருட்சோவில், கிரான் சாஸ்ஸோ தேசியப் பூங்காவுக்குள், 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ. ஒரு காலத்தில் கம்பளி வியாபாரத்தில் கொழித்த ஊர், புளோரன்சின் மெதிச்சி குடும்பம் 1579-இல் வாங்கி வைத்திருந்தது. கம்பளி வியாபாரம் படுத்தபின் ஊர் காலியானது, நூற்றுச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். தனியேலே கில்க்ரென் என்பவர் 1990-களின் இறுதியில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது இந்த ஊரைப் பார்த்து, பாழடைந்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, சில வருடங்களில் செக்ஸ்தாந்தியோ என்ற பெயரில் விடுதியாகத் திறந்தார். சீர்செய்த முறைதான் இதில் விசேஷம். பழைய அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் பழையது, படுக்கையில் கம்பளி மெத்தையும் கையால் நெய்த போர்வையும். டிவி கிடையாது. குளிருக்கு வேண்டிய சூடு தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் இருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரியாது. வீடுகளை வாங்கிய கையோடு, ஊர் எல்லையில் புதுக் கான்கிரீட் கட்டடம் வரக் கூடாது என்று உள்ளூர் நிர்வாகத்தோடு ஓர் உடன்பாடும் செய்துகொண்டார். ஒரு ரிசார்ட்காரர் தன் பக்கத்து நிலத்தில் யாரும் கட்டக் கூடாது என்று சொல்வதும், தானும் கட்ட மாட்டேன் என்று சொல்வதும் அபூர்வம்.

2009 ஏப்ரல் 6 லாக்விலா நிலநடுக்கத்தில் இந்த ஊரின் அடையாளமாக இருந்த வட்டக் கோபுரம் இடிந்து விழுந்தது. ஊர் பிழைத்தது, கோபுரத்தைப் பிறகு திரும்பக் கட்டினார்கள். குறை இல்லாமல் இல்லை. வீட்டு விலை ஏறியது, அறை வாடகை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, ரயில் கிடையாது, கார் இல்லாமல் போவது சிரமம். ஆனாலும் ஒரு புது ஈகோ ரிசார்ட்டையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. கான்கிரீட், இரும்பு, கண்ணாடி ஆகியவற்றைத் தயாரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது. புதுக் கட்டடம் எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும் அந்தக் கடனை அடைக்கவே வருடக்கணக்கில் ஆகும். பழைய கல்வீட்டுக்கு அந்தக் கடன் பெரும்பாலும் இல்லை.

இதே எண்ணத்தில் இயங்கும் வேறு இரண்டு அமைப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் லேண்ட்மார்க் டிரஸ்ட் 1965-இலிருந்து இடியும் நிலையில் உள்ள பழைய கட்டடங்களை மீட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. சுவிட்சர்லாந்தில் அந்நாட்டு மரபுப் பாதுகாப்புச் சங்கம் 2005-இல் தொடங்கிய 'ஃபெரியன் இம் பௌடென்க்மால்' அறக்கட்டளையும் அதே வேலையைச் செய்கிறது. வாடகை கட்டடத்தின் பராமரிப்புக்குப் போகிறது.

சரி, எல்லோருக்கும் பழைய வீடு பிடிக்காது, சிறு குழந்தைகளோடு செங்குத்தான கல் படிகளில் ஏறி இறங்குவது கஷ்டம். புதிதாகக் கட்டியதிலேயே நல்லது எது என்றால் நான் முதலில் சொல்வது சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் உள்ள ரேகா விடுமுறைக் கிராமத்தை, பிளாட்டன்-பெலால்ப்பில். 2025 மே 28-இல் பனியாறு சரிந்து புதைந்துபோன பிளாட்டன் லோட்சென்டால் பள்ளத்தாக்கில் இருப்பது. இது நாட்டர்ஸ் பக்கம் உள்ள வேறு ஊர், குழம்ப வேண்டாம். ரேகா என்பது 1939-இல் தொழிலாளர் குடும்பங்களும் விடுமுறைக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மிகக் குறைந்த செலவில் ஒரு வாரம் தருகிற திட்டமும் அவர்களிடம் உண்டு. 2014 டிசம்பரில் திறந்த இந்தக் கிராமத்தில் ஏழு கட்டடங்களில் ஐம்பது அடுக்கக வீடுகள்.

அங்கே கூரையில் இருப்பது சாதாரண சோலார் பேனல் கிடையாது. பேனல் சூடாகச் சூடாக அது தரும் மின்சாரம் குறையும், ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம். அதனால் பேனலின் முதுகில் குழாய் ஓடவிட்டு ஒரு திரவத்தைச் சுற்றவிடுகிறார்கள். பேனல் குளிர்கிறது, மின்சாரம் கூடுகிறது, திரவம் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சூட்டைக் கோடையில் என்ன செய்வது? மலைக்குள் ஆழமாகத் துளையிட்டு இறக்கிய குழாய்கள் வழியாகப் பாறைக்குள் அனுப்பிச் சேர்த்து வைக்கிறார்கள். குளிர்காலத்தில் விருந்தாளிகள் நிரம்பும்போது ஹீட் பம்ப் அதே பாறையிலிருந்து சூட்டைத் திரும்ப இழுக்கிறது. பனிமலை ஊரில் வெயில் அதிகம் கிடைப்பதும் வெப்பம் அதிகம் தேவைப்படுவதும் ஆறு மாத இடைவெளியில் நடக்கின்றன, அந்த ஆறு மாதத்தைப் பாறைதான் தாங்குகிறது. வெறும் ஆழ்துளைக் குழாய் மட்டும் போட்டு வருடா வருடம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் நிலம் மெதுவாகக் குளிர்ந்து, ஹீட் பம்புக்கு மின்சாரம் அதிகம் பிடிக்கும். கோடையில் திருப்பி நிரப்புவதால் இங்கே அந்தப் பிரச்சினை இல்லை.

அதே நாட்டின் எங்கடின் பள்ளத்தாக்குப் பகுதியில் 2,456 மீட்டர் உயரத்தில் இருக்கும் முவோத்தாஸ் முரால் ஹோட்டலும் இதே பாணி. 1907-இலிருந்து ஓடும் மலை ரயில்தான் மேலே போக வழி. 2010-இல் பழைய ஹோட்டலைப் புதுப்பித்தபோது, ரயில் தண்டவாளத்தை ஒட்டியே வரிசையாகப் பேனல்களை வைத்தார்கள், புது நிலம் தொடவில்லை. மலை ரயில் இயந்திரத்தின் கழிவு வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். வருடக் கணக்கில் தனக்குச் செலவாவதைவிட அதிக ஆற்றலை உற்பத்தி செய்யும் வகையில் அமைத்த, ஆல்ப்ஸின் முதல் ஹோட்டல் என்று அறியப்பட்டது அது.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் காகிதப் பசுமை. நார்வேயில் ஸ்வார்ட்டிசன் பனியாற்றின் அடிவாரத்தில், ஃபியோர்டு நீருக்கு மேல் வட்டமாக நிற்பதுபோல் ஸ்வார்ட் என்ற ஹோட்டலின் வரைபடங்களை 2018-இல் ஸ்னோஹெட்டா கட்டடக்கலை நிறுவனம் வெளியிட்டது. சாதாரண ஹோட்டலைவிட 85 சதவீதம் குறைவான ஆற்றல், மீதியைத் தானே உற்பத்தி செய்யும் என்றார்கள். படம் உலகம் முழுக்கப் பரவியது. 2021-இல் திறக்கும் என்ற பேச்சு பலிக்கவில்லை. பசுமைக் கட்டடங்கள் பற்றிய பட்டியல்களில் இன்னும் அது ஏதோ இருக்கிற ஹோட்டல்போல வந்துகொண்டிருக்கிறது. ஒரு பட்டியலைப் பார்த்தால், அந்த இடத்தில் போன வருடம் யாராவது தங்கினார்களா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

அப்புறம் ஹாட் டப். ஐரோப்பாவில் எந்த ஈகோ லாட்ஜ் படத்தைப் பார்த்தாலும் மர மேடையில் ஆவி பறக்கும் ஒரு தொட்டி இருக்கும். சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 49 யூனிட் வேண்டும். 1991-இல் டார்ம்ஷ்டாட்டில் முதலில் கட்டிக் காட்டிய, சூடாக்க மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் பாசிவ் ஹவுஸ் முறையின் வரம்பு, ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 15 யூனிட் வெப்பம். நூறு சதுர மீட்டர் வீட்டுக்கு வருடத்துக்கே 1,500 யூனிட்தான். ஆக, விருந்தாளி மாறும்போதெல்லாம் தண்ணீரை மாற்றிச் சூடாக்கினால், முப்பது தடவையில் அந்த முழு வீட்டின் ஒரு வருட வெப்பச் செலவு தொட்டிக்குள் போய்விடுகிறது. விருந்தாளிகள் தங்கும் நேரத்தில் சூடு குறையாமல் வைத்திருக்க ஆகும் செலவை இதில் சேர்க்கவில்லை. விறகில் சூடாக்குகிறோம் என்பார்கள், அந்தப் புகை பள்ளத்தாக்கில்தான் தங்கும். சுவரில் 30 சென்டிமீட்டர் காப்புப் போட்டுவிட்டு வெளியே இப்படி ஒரு தொட்டி வைக்கிற இடங்களை நான் ஒதுக்கிவிடுவேன்.

எப்படிப் போகிறீர்கள் என்பது எல்லாவற்றையும்விடக் கனமானது. விமானத்தில் ஒரு தீவுக்குப் பறந்து போய்ச் சேரும் மூங்கில் குடிலைவிட, ரயிலில் போய்ச் சேரும் சாதாரண அடுக்கக வீடு பெரும்பாலும் மேல். ஜெர்மனியிலிருந்து போகிறவருக்கு இது நல்ல செய்தி, ஆல்ப்ஸ் முழுக்க உங்களுக்கு ரயில் எட்டும் தூரம். ஆஸ்திரியாவின் வெர்ஃபென்வெங் என்ற சின்ன ஊர் 1990-களிலிருந்து இதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. ரயிலில் வந்தாலோ, கார் சாவியை ஒப்படைத்தாலோ அங்கே உள்ளூரில் சுற்ற வண்டி வசதிகள் தருகிறார்கள். இதே எண்ணம் கொண்ட மலையூர்கள் சேர்ந்து 2006-இல் ஆல்பைன் பேர்ல்ஸ் என்ற கூட்டமைப்பை ஆரம்பித்தன. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் கார் நுழையவே முடியாது, பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலில் போக வேண்டும். பிரான்சில் அவோரியாஸ் 1960-களில் பிறந்ததிலிருந்தே கார் இல்லாத பனிச்சறுக்கு ஊர், குளிர்காலத்தில் குதிரை வண்டி. இத்தனைக்கும் அதை உருவாக்கியவர்தான் பியேர் ஏ வக்கான்ஸைத் தொடங்கிய ஜெரார் பிரேமோன். நல்ல யோசனையும் நிலப் பசியும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்தே இருக்க முடியும்.

சான்றிதழ்கள் பற்றி. கண்ட இலைப் படத்தையும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோலேபல், நார்டிக் ஸ்வான், ஆஸ்திரிய அரசின் சுற்றுச்சூழல் முத்திரை, டென்மார்க்கில் 1994-இல் தொடங்கிய கிரீன் கீ ஆகிய நான்கும் வெளியாட்கள் வந்து சோதித்துக் கொடுப்பவை. ஈகோலேபலில் குழாயிலும் ஷவரிலும் நிமிடத்துக்குச் சராசரியாக 8.5 லிட்டருக்கு மேல் வரக் கூடாது என்கிற அளவுக்குக் கட்டாய விதிகள் உண்டு. புக்கிங்.காம் தளம் தானாகப் போட்டுக்கொடுத்த பச்சை இலை அடையாளத் திட்டத்தை நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் ஏமாற்றக்கூடியது என்று கருதியதால், 2024 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதன்படி ஆதாரமில்லாமல் 'ஈகோ', 'பசுமை' என்று விளம்பரம் செய்யக் கூடாது, எங்கேயோ மரம் நட்டதைக் காட்டி 'கார்பன் நியூட்ரல்' தங்குமிடம் என்று சொல்லக் கூடாது, தானே அச்சடித்த முத்திரையை ஒட்டக் கூடாது. ஆனால் ஒரு விஷயம். எந்தச் சான்றிதழும் அந்தக் கட்டடம் அங்கே வந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியைப் பெரிதாகக் கேட்பதில்லை. சதுப்பு நிலத்தின் மேல் கட்டிய ஹோட்டலிலும் குழாயில் 8.5 லிட்டர்தான் வரலாம்.

அதனால்தான் ஊரும் நாடும் போடுகிற சட்டங்கள் எனக்கு முத்திரைகளைவிட முக்கியமாகத் தெரிகின்றன. இத்தாலியின் தென் திரோல் 2022-இல் படுக்கைகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட்டது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளும் அதே வருடம் புதுச் சுற்றுலாப் படுக்கைகளை நிறுத்திவைத்தன, கூடவே ஹோட்டல்கள் உயர்த்தி இறக்கும் கட்டில்களை வைக்க வேண்டும் என்று விதித்தன. எதற்கென்றால், ஒரு நாளைக்கு எத்தனையோ கட்டில்களைக் குனிந்து விரிக்கும் பெண்களின் முதுகுக்காக. நீடித்த சுற்றுலா என்று பேசும்போது அறையைச் சுத்தம் செய்கிறவரின் உடம்பையும் கணக்கில் எடுத்த சட்டம் அது, எனக்கு அதன் மேல் மிகுந்த மரியாதை.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கட்டடம் எப்போது கட்டியது, அதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது, சூடாக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது, போன வருடம் ஒரு விருந்தாளிக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் ஆனது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு. மரவீடு, கூடாரம் போன்ற இடங்களுக்குக் கழிவுநீர்க் கேள்வி ரொம்ப முக்கியம், நாணல் படுகை வைத்துச் சுத்திகரிப்பவர்கள் அதைப் பெருமையாகவே விளக்குவார்கள். உண்மையாக நடத்துகிறவர்கள் எண்ணோடு பதில் எழுதுவார்கள், 'இயற்கையோடு இணைந்து' என்று ஆரம்பிக்கும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். வாடகை கூடுதலாகக் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்ன எண்களைத் தருகிற, பழைய கட்டடத்தில் இருக்கிற, உள்ளூர் ஆட்களுக்கு வருடம் முழுக்க வேலை தருகிற இடமென்றால் தாராளமாகக் கொடுங்கள். புதுக் குடிலும் ஹாட் டப்பும் இலைப் படமும் மட்டுமென்றால் ஒரு யூரோ கூடத் தர வேண்டாம். உங்களுக்குச் சிறு குழந்தைகள் இருந்தால் என் முதல் பரிந்துரை ரேகா கிராமம்தான், பிரிக் வரை ரயில், அங்கிருந்து அஞ்சல் பேருந்து.

கடைசியாக, முதலீடு. வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணம் லாப நஷ்டம் மட்டுமில்லை. சுவிட்சர்லாந்து மக்கள் 2012 மார்ச் 11-இல் 50.6 சதவீத வாக்குகளில், ஓர் ஊரில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். வருடத்தில் சில வாரம் மட்டும் ஆள் வந்து, மீதி நாளெல்லாம் குழாய் உறைந்துவிடாமல் இருக்கச் சூடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளை 'குளிர்ந்த படுக்கைகள்' என்று அங்கே சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது, நவம்பரில் தெரு இருட்டாக இருக்கும். உங்களுக்கு வந்திருக்கிற விளம்பரத்தில் நிச்சய வருமானம் என்று போட்டிருந்தால் அது எத்தனை வருடத்துக்கு, நடத்துகிற நிறுவனம் முடங்கினால் பராமரிப்புச் செலவு யார் தலையில், அந்த நிலத்தின் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்ற மூன்றையும் சொந்த வழக்கறிஞரை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வால்தேகான்யாஸில் வில்லா வாங்கியவர்களிடமும் அரசு கொடுத்த அனுமதிப் பத்திரம் இருந்தது.